மினுக்கம் இல்லாத விமானம்

செபஸ்தியான் அண்ணன் என்ன வேலை பார்த்தார் என்று யாராவது கேட்டால், செத்தவர்களுக்குக் கண் திறந்து வைத்தார் என்று சொல்வேன். கேட்டவர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டுமே. அந்தக் காலத்தில் வீட்டுப் பெரியவருக்கு உயிரோடு இருக்கும்போது ஒரு போட்டோ எடுத்து வைக்கத் தோன்றாது. மூச்சு நின்ற பிறகுதான் ஞானம் பிறக்கும். சைக்கிளில் ஆள் பறந்து வரும். நான் காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். நாற்காலியில் உட்கார்த்தி வைத்து, தலை சாயாமல் பின்னால் துணியால் கட்டி, எப்படியோ ஒரு படம் எடுத்து வருவேன். அண்ணன் அந்த மூடிய இமைகளின்மேல் கண்களை வரைந்துவிடுவார். மகன்காரன் வந்து பார்த்துவிட்டு, "அப்பா என்னையே பாக்குறாருங்க" என்று விம்முவான்.

தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் என் அத்தா தொடங்கிய ஸ்டுடியோ அது. நான் மீரான். அண்ணன் எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தது 1948இல். என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர். பாலக்கரையில் வீடு, காலையில் மாதா கோயிலில் பூசை, ஒன்பது மணிக்கு ஸ்டுடியோ. கல்யாணப் பெண் முகத்து அம்மைத் தழும்பை எடுப்பார், குரூப் போட்டோவில் கோபித்துக்கொண்டு போன மருமகனை எடுப்பார், மெட்ராஸிலிருந்து அத்தா வரவழைத்த ஏர்பிரஷ்ஷை வைத்துக்கொண்டு புகை மாதிரி சாயம் தூவி ஒரு மனிதரை இருந்த இடமே தெரியாமல் ஆக்கிவிடுவார். பேனா அளவுதான் இருக்கும் அந்தக் கருவி. அதற்குக் காற்று கொடுக்க ஒரு பழைய லாரி ட்யூப். அதில் பம்ப் அடிக்கிறது என் வேலை. முதலாளி மகன் பம்ப் அடிக்கிறேன், சம்பளக்காரர் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். எரிச்சல் வராதா? வரும். ஆனால் அவர் வேலையைப் பார்த்தால் வாய் அடைத்துப்போகும்.

அவருக்கு ஒரே மகன், இன்னாசிராஜ். காலேஜில் படிக்கும்போதே ஏரோப்ளேன் பைத்தியம். விமானப்படையில் வயர்லெஸ் வேலையில் சேர்ந்தான். டக்கோட்டா விமானத்தின் முன்னால் நெற்றியில் கை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு நிற்கிற ஒரு படம் அனுப்பியிருந்தான். அது மட்டமான படம். அதை அண்ணன் டச்சப் பண்ணாமல் அப்படியே சட்டம் போட்டு மாட்டினார்.

1961 ஐப்பசியில், வடகிழக்கு மலைகளுக்குச் சாமான் கொண்டுபோன விமானம் ஒன்று திரும்பவில்லை. அதில் இன்னாசி இருந்தான். முதலில் காணவில்லை என்று தந்தி. நான்கு மாதம் கழித்து, இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறது என்று கடிதம். உடலும் இல்லை, விமானத்தின் துண்டு துணுக்கும் இல்லை.

"கருதப்படுகிறதுன்னா யாரு கருதுறாங்க? நான் கருதலையே" என்றார் அவர் மனைவி சகாயம்மாள். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அக்கா ஜங்ஷனுக்குப் போக ஆரம்பித்தார். மெட்ராஸிலிருந்து காலையில் வருகிற வண்டிக்கு, ஒரு துண்டும் ஒரு செம்பு தண்ணீரும் எடுத்துக்கொண்டு. "வந்து எறங்குனதும் மூஞ்சி கழுவணும்ல. கரி அப்பியிருக்கும்." மழையென்று இல்லை, காய்ச்சலென்று இல்லை. பிளாட்பாரத்தின் கூரை முடிகிற இடத்தையும் தாண்டி, கடைசிப் பெட்டி வந்து நிற்கிற வெட்டவெளியில் போய் நிற்பார். அவன் எப்போதும் கடைசிப் பெட்டியில்தான் ஏறுவானாம்.

அறுபத்திரண்டு மழையில் நனைந்து படுத்தவர் பிழைத்ததே பெரிய காரியம். இன்னொரு மழைக்காலம் இப்படி நனைந்தால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். கதவைப் பூட்டிப் பார்த்தார் அண்ணன். ஓட்டைப் பிரித்துக்கொண்டு போவேன் என்றார் அக்கா. பங்குச் சாமியார் வந்து புத்தி சொன்னார். கல்லறைத் திருநாளுக்கு இறந்தவர்கள் பெயரைச் சீட்டில் எழுதி கோயிலில் கொடுப்பார்கள். அதில் மகன் பெயரை அண்ணன் எழுதினார் என்று, அக்கா அந்தச் சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, மூன்று நாள் புருஷனோடு பேசவில்லை.

அறுபத்துமூன்று ஆனியில் ஒரு மத்தியானம் அண்ணன் இருட்டறைக் கதவைத் தட்டினார். நான் வெளியே வந்ததும், "ஒரு போட்டோ எடுக்கணும் மீரான்" என்றார்.

"யாரை?"

"விமானத்தை. விழுந்து கெடக்குற மாதிரி."

எனக்குப் புரிய நேரமாயிற்று. டக்கோட்டாவை மரத்தில் அப்படியே சிறியதாகச் செய்யப்போகிறார். சாயம் அடித்து, எங்கேயாவது கல்லிலும் மணலிலும் கிடத்திப் படம் பிடிக்க வேண்டும். தேடிப்போனவர்கள் எடுத்த படம், இன்னாசியின் சிநேகிதன் ஒருவன் அனுப்பினான் என்று அக்காவிடம் காட்ட வேண்டும்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "உங்களுக்கு மூளை கீளை கொழம்பிடுச்சா? போன புள்ளைய நீங்களே இன்னொரு தடவ சாவடிக்கப் போறீங்களா? யா அல்லா, இதுக்கு நான் வேற கூட்டா?"

அவர் சத்தம் போடவில்லை. "அவ நம்பணும் மீரான். நம்பி ஒரு தடவ வாய்விட்டு அழுதுட்டான்னா போதும், வீட்டோட இருப்பா. புள்ளையும் போயி பொண்டாட்டியும் போனா நான் என்ன பண்ணுவேன்?"

போய் லாரி ட்யூப்புக்குக் காற்று அடித்தேன்.

கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கினார். நான்கு அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு. இறக்கை நுனியிலிருந்து நுனிக்கு இரண்டடி வந்தது. ஆடி, ஆவணி முழுக்க செதுக்கல். அப்புறம் சாயம். தகரத்தில் ஆணி வரிசை தெரிகிற மாதிரி கோடுகள், எஞ்சின் புகை படிந்த கறை, சேறு தெறித்த வயிறு, எல்லாம் ஏர்பிரஷ்ஷில். பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் படம் எடுத்துப் பார்த்தால் பொம்மை. சுத்தமான பொம்மை.

காரணம் மினுக்கம்தான். சாயத்தின் மேல் பூசிய வார்னிஷ் வெளிச்சத்தை வாங்கி, முதுகு நெடுக ஒரே வெள்ளைக் கோடாகக் காட்டியது. வெயிலும் மழையும் தின்ற நிஜ விமானம் அப்படி மினுங்காது. கண்ணை ஏமாற்றிவிடலாம், காமிரா மட்டும் அந்த ஒரு கோட்டை வைத்து இது கைக்கு அடக்கமான சாமான் என்று காட்டிக் கொடுத்துவிடும். "மினுக்கமே இல்லாம மேட் பண்ணணும்ணே" என்றேன். "பண்ணணும்" என்றார். சொல்வதற்கு ஒரு வார்த்தை, செய்வதற்கு இரண்டு மாதம்.

முதலில் வார்னிஷில் முகப்பவுடரைக் கலந்து தூவினார். ஏர்பிரஷ்ஷின் கிண்ணத்தில் பவுடர் அடியில் தங்கிவிட்டது. மூக்குப்பக்கம் சுண்ணாம்பு, வால்பக்கம் கண்ணாடி. அதைத் தேய்த்து எடுத்துவிட்டு, நெகடிவ்மேல் பென்சில் பிடிப்பதற்காக நாங்கள் பூசுகிற மேட் வார்னிஷைக் கலந்தார். இரண்டு வகைப் பிசினை ஈதரில் கரைத்து, அதில் பென்சீன் விட வேண்டும். பென்சீன் கூடக்கூட மினுக்கம் குறையும். வாடையில் தலை கிறுகிறுக்கும். சாயம் கரைந்துவிடுமோ என்று பயந்து தூரத்தில் நின்று தூவினார். காற்றிலேயே காய்ந்து மணல் மணலாக விழுந்தது. கையால் தடவினால் உப்புத்தாள். அதையும் தேய்த்தார். சாயமும் சேர்ந்து போயிற்று. மறுபடி முதலிலிருந்து.

இதற்குள் ஐப்பசி வந்துவிட்டது. மழையும் வந்துவிட்டது. அக்கா குடையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் ஜங்ஷனுக்குப் போய்க்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்க இருமுகிறாள் என்று அண்ணன் சொல்வார். அந்த அவசரத்தில், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், "இன்னிக்கே அடிச்சிருவோம்" என்றார்.

"ஈரக் காத்துல வேணாம்ணே. கெட்டுப்போயிரும்."

"நீ காத்து அடி மீரான்."

அடித்தேன். தூவினார். நான்கு நிமிஷம் பிரமாதமாக இருந்தது. பிறகு எங்கள் கண் முன்னாலேயே விமானம் வெளுக்க ஆரம்பித்தது. ஈதர் சட்டென்று பறக்கும்போது மேற்பரப்பு சில்லிட்டு, காற்றில் இருக்கிற ஈரம் அதன்மேல் படிந்துவிடும். முதுகும் இறக்கையும் இட்லித்துணி மாதிரி வெளேர் என்று, மலைப்பனி விழுந்து மூடியதுபோல ஆகிவிட்டன.

"சொன்னேன்ல? சொன்னேன்ல? கெழவருக்குக் காது கேட்டாத்தானே!" என்று கத்திவிட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "அவனுக்குக் குளிரு ஆகாது மீரான். மார்கழில கம்பளிய விட்டு எந்திரிக்கவே மாட்டான்" என்றார். கத்தியதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

மறுநாள் அவரே வழி கண்டுபிடித்தார். வெளுத்ததன்மேல் பளபளப்பு வார்னிஷையே ஒரு பூச்சு தூவினார். வெண்மை அப்படியே கரைந்து, அடியில் இருந்த சாயம் தெளிவாக மேலே வந்தது. அதை மூன்று நாள் காயவிட்டார். அதற்குமேல்தான் மேட். ஒரு நாள் வானம் வெளுத்து வெயில் அடித்தது. விமானத்தையும் வார்னிஷ் புட்டியையும் மொட்டைமாடியில் இளஞ்சூடாகும்வரை வைத்திருந்தார். பிறகு ஒரு சாண் தூரத்தில் பிடித்து, கை நிற்காமல், மூச்சுவிட்ட மாதிரி மெல்லிசாக ஒரு வரிசை. அது காய்ந்த பிறகு இன்னொன்று. இப்படி ஐந்து. எந்தப் பக்கம் திருப்பினாலும் வெளிச்சம் வழுக்கவில்லை. அந்தச் சாம்பல் நிறத்தில் அது அப்படியே தங்கியது. பல வருஷம் மலைமேல் பறந்து களைத்த விமானம் ஒன்று எங்கள் மேஜையில் நின்றது. சபாஷ் என்று சொல்ல வாயெடுத்து, யாருக்காக இது என்று ஞாபகம் வந்து பேசாமலிருந்தேன்.

"இப்ப ஒடைக்கணும்ணே" என்றேன். "எறக்கை, மூக்கு, கண்ணாடி எல்லாத்தையும் நொறுக்கணும். அப்பத்தான் விழுந்த மாதிரி இருக்கும்."

ரம்பத்தை எடுத்தார். இடது இறக்கையின் நுனியில் கொஞ்சம் வெட்டினார். அதோடு கீழே வைத்துவிட்டார்.

"இது போதும்."

"என்ன போதும்? பஞ்சராகி நிக்கிற பஸ் மாதிரி இருக்கு. குடுங்க, நான் ஒடைக்கிறேன்."

விமானத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "வேணாம்ப்பா. உள்ள அவன் இருக்கான்."

நான் வற்புறுத்தவில்லை. எப்படி வற்புறுத்துவது, நீங்களே சொல்லுங்கள்.

விடிந்ததும் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனோம். அந்த வருஷம் கொள்ளிடத்தில் அக்கரையை ஒட்டித்தான் தண்ணீர் ஓடியது. இந்தப் பக்கம் மணல் திட்டு. மணலை அப்படியே விட்டால் விமானத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொரு பருக்கையும் கூழாங்கல்லாகத் தெரியும் என்று, மெல்லிய துணியில் சலித்து, மாவு மாதிரி பரப்பினேன். நான்கைந்து கற்களை மலைப்பாறையாக வைத்தேன். அந்த ஊர் மலையை நானும் பார்த்ததில்லை, அவரும் பார்த்ததில்லை. காமிராவை மணலோடு மணலாக இறக்கி வைத்துக் குனிந்திருந்தபோது, குளித்துவிட்டுத் திரும்பிய ஒரு ஐயங்கார் ஈர வேஷ்டியோடு கரையிலிருந்து ஓடி வந்தார். பாதி தூரம் வந்துதான் நின்றார்.

"ரங்கா! கண்ணாடி போட்டுக்கலை, ஏதோ ப்ளேன்தான் விழுந்துடுத்துன்னு நெனச்சுண்டேன். உள்ள யாராவது உயிரோட இருக்காளோன்னு ஓடி வரேன். பொம்மையா? நன்னா பயமுறுத்தினேள் போங்கோ!"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று திரும்பினேன். அண்ணன் மணலில் உட்கார்ந்திருந்தார். ஐயங்காரை நிமிர்ந்து பார்த்து, "யாரும் இல்லீங்க சாமி" என்றார். அவர் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

படம் அசலாக வந்தது. எட்டுக்குப் பத்து பிரிண்ட் போட்டு, மூலையைக் கொஞ்சம் மடக்கி, பழுப்பு உறையில் வைத்தேன். அண்ணன் ஒரு மணி நேரம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். எங்காவது ஒரு பொட்டு மினுக்கம் தெரிகிறதா என்று முதுகு, இறக்கை, வால் என்று தேடினார். நானும் தேடினேன். இல்லை.

"நீயே குடு மீரான். நான் குடுத்தா என் கண்ணப் பாத்தே கண்டுபிடிச்சிருவா. ஒன் மேல அவளுக்கு நம்பிக்கை" என்றார். இப்படித்தான் அந்தப் பொய் என் வாய்க்கு வந்து சேர்ந்தது.

சாயங்காலம் பாலக்கரை வீட்டுக்குப் போனேன். அக்கா இருமிக்கொண்டே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி, என்ன இந்த நேரத்துல?" என்றார். இன்னாசியோடு வேலை பார்த்த ஒரு பையன் ஸ்டுடியோ விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறான், விமானத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஒப்பித்தேன். அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கி, ஜன்னலுக்குப் பக்கத்தில் போனார். அண்ணன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. தோள் குலுங்கும், இப்போது அழுவார், இப்போது அழுவார் என்று காத்திருந்தேன். அழட்டும் அல்லாவே என்று வேண்டிக்கொண்டேன்.

"தம்பி" என்று கூப்பிட்டார். "கதவு தொறந்திருக்கே."

"எந்தக் கதவுக்கா?"

"இந்தா பாருங்க. பக்கவாட்டுல."

பார்த்தேன். விமானத்தின் பக்கவாட்டில், கதவு இருக்க வேண்டிய இடம் கறுப்பாகத் திறந்து கிடந்தது. வார்னிஷ் அடிக்கும்போது கை படாமல் பிடிப்பதற்காக அந்த ஓட்டையில்தான் குச்சியைச் செருகியிருந்தோம். குச்சியை எடுத்துவிட்டுக் கதவை ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை. மினுக்கம், மினுக்கம் என்று அது ஒன்றையே தேடிய எங்கள் நான்கு கண்ணுக்கும், பூதக்கண்ணாடிக்கும் அது தெரியவில்லை.

"விழுந்த வேகத்துல தொறந்துக்கிட்டிருக்கும்க்கா" என்றேன்.

"எங்க தம்பி விழுந்துச்சு? மூக்கு நசுங்கல, கண்ணாடி ஒடையல. அலுங்காம எறக்கியிருக்காங்க. கதவைத் தொறந்து எறங்கியிருக்காங்க." அக்கா சிரித்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவை அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். "என்னங்க, பாத்தீங்களா? எம்புள்ள எறங்கிட்டான்! மாதாவே! எறங்கி நடந்து வந்துக்கிட்டிருக்கான். மலை இல்லையா, மெதுவாத்தான் வர முடியும்."

நான் அண்ணனைப் பார்த்தேன். சொல்லித் தொலையுங்கள் என்று கண்ணால் கெஞ்சினேன். அவர் மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

மறுநாளிலிருந்து அக்கா ஒரு வண்டிக்கு இரண்டு வண்டியாகப் போனார். காலை வண்டிக்கும் சாயங்கால வண்டிக்கும். படத்தை உறையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு நின்றார். கார்த்திகை முழுக்க மழை. மார்கழி பிறந்து ஐந்தாம் நாள் நெஞ்சுச் சளி முற்றி, ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடினார். கடைசிவரைக்கும் அவருக்குத் துக்கமே இல்லை என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். அது எனக்கு ஆறுதலா, அடியா என்று இன்னும் எனக்கே தெரியவில்லை. அந்த விமானத்தை நான் உடைத்திருந்தால் அவர் அழுதிருப்பார், பிழைத்திருப்பார். இதைச் சொல்லாமல் எத்தனையோ வருஷம் இருந்துவிட்டேன்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து அண்ணன் வேலைக்கு வந்தார். ஆனால் ஒன்பது மணிக்கு வருகிறவர் பத்தரைக்கு வந்தார். மறுநாளும் பத்தரை. அதற்கு மறுநாளும். துக்கத்தில் இருக்கிற மனிதரை என்ன கேட்பது என்று விட்டுவிட்டேன். தை மாதம் ஒரு காலையில், மெட்ராஸிலிருந்து வரவேண்டிய பிரிண்ட் பேப்பர் பார்சலை எடுக்க ஜங்ஷனுக்குப் போனேன். வண்டி வருகிற நேரம். கூரை முடிகிற இடத்தையும் தாண்டி, வெட்டவெளியில் செபஸ்தியான் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். முகம் மழித்து, வெளுத்த வேஷ்டி கட்டி, தோளில் ஒரு துண்டு, கையில் ஒரு செம்பு. வண்டி நின்றது. கடைசிப் பெட்டியிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். எல்லோரும் இறங்கிப் போன பிறகும் உள்ளே எட்டிப் பார்த்தார்.

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். "அண்ணே, என்னண்ணே இது? அது கல்யாண முருங்கைக் கட்டைண்ணே. நீங்க செதுக்குனது. நான் காத்து அடிச்சேன், நீங்க வார்னிஷ் அடிச்சீங்க. கொள்ளிடத்து மணல்லண்ணே!"

அவர் செம்புத் தண்ணீரைத் தண்டவாளத்தில் மெதுவாக ஊற்றினார்.

"தெரியும் மீரான்" என்றார். "ஆனா கதவு தொறந்துதானே இருந்துச்சு?"